துறைமுக நகரம்: முழு நகருக்கான குழாயும் முதல் பத்தாண்டின் தண்ணீரும்

கொழும்பில் கோட்டைக்கும் காலிமுகத்திடலுக்கும் முன்னால், துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பி எடுத்த நிலம் 269 ஹெக்டேயர். 2014 செப்டெம்பரில் வேலை தொடங்கியது. 2015 இல் நிறுத்தப்பட்டு 2016 இல் மீண்டும் எடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நிலம் நிரப்பி முடிந்தது. இதில் 116 ஹெக்டேயர் முதலீட்டு நிறுவனத்துக்குக் குத்தகை, 62 அரசுக்கு, 91 பொதுவெளி. 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின் இதைப் பார்த்துக்கொள்வது கொழும்பு துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழு.

இப்படியொரு இடத்துக்கு நீரும் கழிவுநீரும் திட்டமிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, முழுதாகக் கட்டி முடிந்தால் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது. அது இலகுவான கேள்வி. பெருக்கல் தெரிந்தால் விடை வந்துவிடும். பணத்தையும் பெயரையும் தின்பது வேறொன்று: முழு நகரின் அளவுக்குப் போட்ட குழாயில் முதல் பத்து ஆண்டும் இருபதில் ஒரு பங்கு தண்ணீர் ஓடினால் என்ன நடக்கும்? நிலம் நிரப்பி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான மனைகள் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

கீழே வரும் குடித்தொகை, பாவனை அளவு, குழாய் விட்டம் எல்லாம் இந்த ஆய்வுக்காக நாம் எடுத்துக்கொண்டவை. திட்டத்தின் அங்கீகரிக்கப்பட்ட எண்களாக யாரும் கொள்ள வேண்டாம். எண்ணை மாற்றினாலும் வாதம் மாறாது.

தேவைக் கணக்கு

முழு நகரில் 75,000 குடியிருப்பாளர், ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லீற்றர்: 13,500 கனமீற்றர். பகலில் வந்து போகும் பணியாளர் 150,000 பேர், ஆளுக்கு 45 லீற்றர்: 6,750. ஹோட்டல் அறை 4,000, அறைக்கு 600 லீற்றர்: 2,400. கடைகள், உணவகங்கள், படகுத்துறை, சும்மா சுற்றிப்பார்க்க வருவோர் எல்லாம் சேர்த்து 2,000. கூட்டினால் 24,650 கனமீற்றர். உள்ளே அனுப்புவதில் 10 சதவீதம் கசியும் என்று வைத்தால் வாசலில் எடுக்க வேண்டியது சராசரி 27,400. உச்ச நாளுக்கு 1.2 ஆல் பெருக்கினால் 32,900.

இனி மூன்றாம் ஆண்டு. 3,000 குடியிருப்பாளர், 8,000 பணியாளர், 400 அறை, வருவோர் போவோருக்கு 200 கனமீற்றர். மொத்தம் 1,340. முழுத் தேவையில் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இந்த 24,650 உம் 1,340 உம் ஒரே குழாயில் ஓட வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

பணியாளர் கணக்கில் கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. போயா நாளிலும் ஞாயிறிலும் அலுவலகப் பகுதியின் ஓட்டம் விழுந்துவிடும். வெசாக், புத்தாண்டு இரவுகளில் தலைகீழாக ஏறும். ஒரு மாலையில் 50,000 பேர் வந்து ஆளுக்கு 8 லீற்றர் பாவித்தால் 400 கனமீற்றர். ஐந்து மணித்தியாலத்தில் அது வினாடிக்கு 22 லீற்றர். மூன்றாம் ஆண்டின் சராசரிக் கழிவுநீர் வினாடிக்கு 13 லீற்றர்தான். ஆக ஆரம்ப ஆண்டுகளின் உச்சத்தைத் தீர்மானிப்பது குடியிருப்பாளர் அல்ல, கூட்டம்.

நீர் எங்கிருந்து

கொழும்புக்கு நீர் தரும் பழைய மூலங்கள் லபுகமவும் களட்டுவாவவும். அங்கிருந்து நீர் புவியீர்ப்பில் வருகிறது. பெரும் பங்கு களனி கங்கையில், அம்பத்தளையில் எடுக்கப்படுகிறது. வலது கரையில் பியகம நிலையம் பின்னர் சேர்ந்தது. துறைமுக நகரத்துக்கு வரும் நீரும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இந்தத் தொகுதியிலிருந்து பிரிய வேண்டியதுதான்.

களனியின் பலவீனம் தெரிந்ததே. மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துபோனது; வரட்சி மாதங்களில் ஓட்டம் குறையும்போது கடல்நீர் அடியால் ஊர்ந்து அம்பத்தளை வரை ஏறும். மணல் மூட்டை அடுக்கித் தடுத்த காலங்கள் உண்டு. மேலே பியகம ஏற்றுமதி வலயமும் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் அதே ஆற்றோரம். எனவே ஒரு நாள் முழுதும் உள்ளெடுப்பு நின்றால் தாங்கும் சேமிப்பு நகரத்துக்குள் வேண்டும். மூலத்தின் பாதுகாப்புக்காகச் சேமிப்பைக் கூட்டினால் நீர் பழசாகும். அந்த இழுபறி அடுத்த பகுதியில் வருகிறது.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, உப்பை நீக்கிக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துத் தாளையடியில் 2024 இல் திறந்த நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். நம் முழுத் தேவையோடு ஏறக்குறைய ஒன்று. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. கொழும்பில் கனமீற்றருக்கு 3 முதல் 4 கிலோவாற்று மணி செலவழித்துக் கடல்நீரை வடிப்பதற்கு முன், ஏற்கெனவே வாங்கிய நன்னீரை இரண்டாம் முறை பயன்படுத்துவது மலிவு.

பன்னிரண்டு நாள் தண்ணீர்

உச்ச நாள் ஓட்டம் வினாடிக்கு 381 லீற்றர். 700 மி.மீ. குழாய் ஒன்றைப் போட்டால் வேகம் ஒரு மீற்றர். பாடப்புத்தகம் சொல்வது போலவே. மாளிகாகந்தை நீர்த்தேக்கப் பக்கமிருந்து கோட்டை வழியாக 4 கிலோமீற்றர் என்று வைத்தால் குழாய்க்குள் நிற்கும் நீர் 1,540 கனமீற்றர். நகரத்துக்குள் உச்ச நாளின் பாதிக்குச் சேமிப்பு, அதாவது 16,000 கனமீற்றர்த் தாங்கி.

மூன்றாம் ஆண்டில் நாளொன்றுக்கு 1,340 மட்டும் எடுத்தால் குழாயைக் கடக்க 28 மணித்தியாலம், தாங்கியைக் கடக்க 12 நாள். புறப்படும்போது லீற்றருக்கு 0.8 மி.கி. எச்சக் குளோரின் (கிருமியைத் தடுக்க நீரில் மிஞ்சி நிற்பது) இருந்து, 30 பாகை வெப்பத்தில் நாளுக்கு 0.3 என்ற வீதத்தில் தேய்ந்தால், 13 ஆம் நாளில் மிஞ்சுவது 0.02 ஐயும் தொடாது. குழாய் முனையில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். அதற்குப் பிறகு கட்டடத்தின் நிலக்கீழ்த் தாங்கி, கூரைத் தாங்கி வேறு இருக்கின்றன.

இந்த நிலையில் வழமையாகச் செய்வது, குழாய்க் கடைசியில் வால்வைத் திறந்து நாளாந்தம் நீரைக் கழுவி விடுவது. 2010 களின் தொடக்கத்தில் கொழும்பு நகரில் அனுப்பிய நீரில் ஏறக்குறைய பாதி வருமானம் தராமல் போனது. அதைக் குறைக்கப் பல ஆண்டுகளாகப் பெருஞ்செலவில் பழைய குழாய்கள் மாற்றப்பட்டன. அதே நகரத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே நீரைக் கொட்டும் வடிவமைப்பை யாரும் நியாயப்படுத்த முடியாது.

நாம் பரிந்துரைப்பது இது. ஒரு 700 க்குப் பதில் இரண்டு குழாய்: இப்போது 450 மி.மீ., பிறகு 600 மி.மீ. முதலாவது ஒரு மீற்றர் வேகத்தில் நாளுக்கு 13,700 கனமீற்றர் தரும்; இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு 442 லீற்றர், தேவை 381. கோட்டையின் வீதிகளை இரண்டாம் முறை வெட்ட முடியாது என்பது உண்மையான ஆட்சேபம். அதற்கு விடை, பாலங்களிலும் சந்திகளிலும் நிலத்தடிக் கேபிள்கள் நெருங்கிய இடங்களிலும் 600 க்கான உறையை முதலிலேயே பதித்து இரு முனையையும் மூடி வைப்பது. உறையின் செலவு, குழாயைப் பதினைந்து ஆண்டு முந்திப் புதைப்பதன் வட்டியைவிடச் சிறிது.

தாங்கியும் அப்படியே. 16,000 ஐ 4,000 வீதம் நான்கு அறைகளாகப் பிரித்து, முதலில் ஒன்றைக் கட்டி, அதிலும் 2,000 மட்டத்தில் இயக்குவது. அப்போது தாங்கியில் 36 மணித்தியாலம், 450 குழாயில் 11. கிட்டத்தட்ட இரண்டு நாள். அதே 0.8 இல் 0.44 மிஞ்சும். தீயணைப்புக்கு வினாடிக்கு 100 லீற்றர் வீதம் இரண்டு மணித்தியாலம் எடுத்தால் 720 கனமீற்றர். அது 2,000 க்குள் அடங்கும். உள்வரும் குழாயும் வெளிச்செல்லும் குழாயும் தாங்கியின் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சராசரி நேரம் 36 மணித்தியாலம் என்று கணக்கில் காட்டுவது பொய்க் கணக்கு. நீரின் ஒரு பகுதி உடனே வெளியேறும், மிச்சம் மூலையில் வாரக்கணக்கில் நிற்கும்.

மானியிலும் ஒரு பொறி இருக்கிறது. முழுக் கட்டடத்தின் உச்சத்துக்கு 100 மி.மீ. பொறிமுறை மானி பொருத்தினால் ஆரம்பத்துச் சிறு ஓட்டம் அதில் விழாது. தண்ணீர் போகும், வாசிப்பு நிற்கும். மனை எல்லையில் மின்காந்த மானியோ, 100 உடன் பக்கவழியில் 25 மி.மீ. மானி ஒன்றோ வேண்டும்.

கட்டட வாசலில்

கோபுரங்கள் எல்லாம் நிலக்கீழ்த் தாங்கியில் எடுத்து மேலே ஏற்றும். ஒரு நாள் சேமிப்பு என்பது எழுதாத விதி. விநியோகம் நின்று திரும்பும் வேளையில் இருபது கட்டடத்தின் மிதவை வால்வுகளும் ஒன்றாகத் திறக்கும். பிரதான குழாயின் அமுக்கம் சரியும். மேடான இடத்தில் வெற்றிடம் உண்டாகி வெளிநீரை உறிஞ்சும். வெளியில் இருப்பது உவர்நீர் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு போட்டு, நாளாந்தத் தேவையை 16 மணித்தியாலத்தில் சீராக எடுக்கும் அளவுக்கு மட்டும் திறக்க விட வேண்டும். இதை இணைப்பு ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், கட்டடப் பராமரிப்பாளர் முதல் வாரத்திலேயே வால்வைக் கழற்றிவிடுவார்.

மட்டமான மணலில் கழிவுநீர்

வழங்கிய 24,650 இல் 85 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும்: 20,950. கசிந்து உள்ளே வருவதை ஹெக்டேயருக்கு வினாடிக்கு 0.15 லீற்றர் என்று கட்டுமான நிலம் 178 ஹெக்டேயருக்குப் போட்டால் 2,300. மொத்தம் 23,250 கனமீற்றர்.

நிலத்துக்குச் சரிவு இல்லை. 225 மி.மீ. குழாயை 200 க்கு 1 என்ற சரிவில் போட்டால் நிறைந்து ஓடும்போது வேகம் வினாடிக்கு 0.8 மீற்றர், தானே கழுவிக்கொள்ளும். ஆனால் 600 மீற்றருக்கு 3 மீற்றர் இறங்கும். மேல்மூடல் 1.2 மீற்றரோடு தொடங்கினால் முனையில் 4.2. நிரப்பிய மணலில் நிலத்தடி நீர் கடல் மட்டத்தை ஒட்டியே நிற்கும். அதற்குக் கீழே தோண்டுவதென்றால் உருக்குத் தகடு இறக்கி, சுற்றிலும் உறிஞ்சு குழாய் போட்டு, இரவு பகலாக நீர் இறைக்க வேண்டும். 600 மீற்றருக்கு மேல் புவியீர்ப்புக் குழாயை நீட்டாமல், அங்கங்கே சிறு நீரேற்று நிலையம் வைப்பதே சிக்கனம். படகுத்துறை ஓரம் போன்ற ஒடுங்கிய பட்டிகளில் வெற்றிடக் கழிவுநீர்த் தொகுதி பொருந்தும். ஆழம் குறைவு, குழாய் உடைந்தால் கழிவு வெளியே வராமல் காற்று உள்ளே போகும். ஆனால் ஒவ்வொரு வால்வுக் குழியையும் பார்க்கும் பழகிய ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் வெற்றிடத் தொகுதியை வாங்காதீர்கள்.

நீரேற்று நிலையத்தின் கிணறு மிதக்கும். இதை வரைபடத்தில் பலர் தவற விடுகிறார்கள். உள்விட்டம் 6 மீற்றர், ஆழம் 7, சுவர் 350 மி.மீ., அடித்தளம் 600, மேல்தளம் 300 என்று எடுப்போம். கொங்கிறீட்டின் நிறை ஏறக்குறைய 194 தொன். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.5 மீற்றர் கீழே நின்றால் மேல்நோக்கிய உந்தல் 220 தொன். வெறுங்கிணறு வெறுங்குடம் போல மேலே வந்துவிடும். அதோடு இணைத்த குழாய்கள் எல்லாம் முறியும். அடித்தளத்தைச் சுற்றிலும் 0.6 மீற்றர் வெளியே நீட்டினால் அதன் மேல் அமரும் மண் மட்டும் சுமார் 110 தொன் சேர்க்கும். ஆபத்து கூடிய வேளை, கிணறு கட்டி முடித்து மண் நிரப்பும் முன் ஒப்பந்தக்காரர் நீர் இறைப்பதை நிறுத்தும் வாரம்.

மண் சமமாக இறங்காது. குழாய் கிணற்றோடும் மேன்ஹோலோடும் சேரும் இடத்தில் கிணறு ஓர் அளவு இறங்கும், குழாய் வேறு அளவு இறங்கும். சுவருக்கு வெளியே 500 முதல் 600 மி.மீ. நீளமுள்ள குட்டைக் குழாய் ஒன்றை இருபுறமும் நெகிழும் இணைப்போடு வைக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் உருக்கி ஒட்டிய எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாய்.

உப்பு

மூட்டுச் சரியில்லாத குழாய்க்குள் புகுவது மற்ற ஊர்களில் வெறும் நிலத்தடி நீர். இங்கே அது உவர்நீர். கடல்நீரில் குளோரைட் லீற்றருக்கு சுமார் 19,000 மி.கி. நூறு லீற்றர் கழிவுநீரில் இரண்டு லீற்றர் கடல்நீர் கலந்தாலே, கழிவுநீரில் ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்து, குளோரைட் 450 ஐத் தாண்டும். 350 க்கு மேல் போனால் பல செடிகள் இலை கருகும். நாம் மேலே அனுமதித்த 2,300 கனமீற்றர்க் கசிவும் பாதிக் கடல்நீராக இருந்தால் கலவை 1,000 ஐத் தொடும். அந்த நீரைப் புல்லுக்கும் விட முடியாது, குளிரூட்டும் கோபுரத்துக்கும் விட முடியாது. உப்பை நீக்கும் இன்னொரு நிலையம் கட்ட வேண்டும். எனவே இங்கு மூட்டின் தரம் என்பது மறுபயன்பாட்டின் உயிர்.

ஆரம்ப ஆண்டுகளில் குழாயைவிடப் பெரிய உப்பு வாசல் ஒன்று உண்டு: கட்டுமானக் குழிகள். நிலக்கீழ்த் தளம் தோண்டும் ஒப்பந்தக்காரர் நாளுக்கு நூற்றுக்கணக்கான கனமீற்றர் உவர்நீரை இறைக்கிறார். பக்கத்திலேயே மேன்ஹோல் ஒன்று இருக்கிறது. இரவில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாளுக்கு 1,140 கனமீற்றர் கழிவுநீர் மட்டும் வரும் நிலையத்துக்கு இப்படி 300 கனமீற்றர் வந்து சேர்ந்தால் நுண்ணுயிர்த் தொகுதியே குலையும். இறைத்த நீரை மண்டி படியவிட்டு, அனுமதியோடு வேறு வழியில் விட வேண்டும்; மேன்ஹோல் மூடிகளுக்குப் பூட்டு வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் மின்கடத்துதிறன் உணரி ஒன்று. கடல்நீர் 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில். ஒரு சதவீதம் கலந்தால் 500 கூடும். கூடுதல் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்கினால் மூட்டுக் கசிவு. இரவு பதினொரு மணிக்கு ஏறி விடியற்காலை விழுந்தால் ஒப்பந்தக்காரர்.

அழுகல்

ஒரு நீரேற்று நிலையத்தின் முழுக்கட்ட உச்சம் வினாடிக்கு 180 லீற்றர் என்று கொண்டு 1.5 கிலோமீற்றருக்கு 400 மி.மீ. அமுக்கக் குழாய் போட்டால் அதற்குள் 188 கனமீற்றர் நிற்கும். ஆரம்பத்தில் வரும் 3 லீற்றர் ஓட்டத்தில் அதைக் கடக்க 17 மணித்தியாலம். கொழும்பின் வெப்பத்தில் சில மணித்தியாலத்திலேயே ஒட்சிசன் தீர்ந்து ஐதரசன் சல்பைட்டு உண்டாகத் தொடங்கும். குழாய் திறக்கும் மேன்ஹோலில் வாயு மேலேறி, ஈரமான கொங்கிறீட் கூரையில் பற்றீரியாவால் சல்பூரிக் அமிலமாக மாறி, கொங்கிறீட்டைச் சுண்ணாம்புக் கூழாக்கும். நாற்றம் அதற்கு முன்பே ஹோட்டல் வாசலுக்குப் போயிருக்கும். ஆள் இறங்கினால் உயிர் போகும் வாயு இது. வாயு மானியும் மூன்று பேரும் இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது.

இங்கும் இரட்டைக் குழாய்தான் வழி: 200 உம் 350 உம். முதலில் 200 மட்டும். உள்ளே நிற்பது 47 கனமீற்றர், கடக்க 4 மணித்தியாலம் சொச்சம். பம்ப் 30 லீற்றரில் ஓடினால் வேகம் 0.95 மீற்றர். முழுக்கட்டத்தில் இரண்டும் 1.5 மீற்றர் வேகத்தில் 191 லீற்றர். மிச்சமிருக்கும் 4 மணித்தியாலத்துக்குக் கல்சியம் நைத்திரேற்று சேர்க்கலாம். திறக்கும் மேன்ஹோலுக்கு உள்ளே எச்டிபிஈ உறையும், காற்றுப் போக்கியில் கரி வடிகட்டியும் கட்டாயம்.

புவியீர்ப்புக் குழாயில் நோய் வேறு. வினாடிக்கு ஒரு லீற்றர் வரும் 225 மி.மீ. குழாயில் நீர் அடியில் தவழும், திண்மம் படியும். ஒவ்வொரு கிளையின் தலையிலும் வாரமொருமுறை 10 கனமீற்றர் மீள்நீரை (சுத்திகரித்த கழிவுநீரை) ஒரே வீச்சில் விட்டுக் கழுவும் ஏற்பாட்டை வரைபடத்திலேயே காட்ட வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம் சமையலில் தேங்காய் எண்ணெயும் பாலும் அதிகம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். வெளியே 30 பாகை என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைக்கக் கூடாது. அங்காடியின் உணவுத் தளம் குளிரூட்டி 22 பாகையில் இருக்கிறது, அதன் தளத்துக்குக் கீழே தொங்கும் குழாயும் அப்படியே. கொழுப்பைப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் ட்ராப்பை அடித்தளத்தில் ஒன்றாக வைத்தால் கொழுப்பு அங்கே போகும் வழியிலேயே உறைந்து அடைக்கும். சமையலறைக்குச் சமையலறை சிறு ட்ராப், பிறகு அடித்தளத்தில் அரை மணித்தியாலம் தங்கும் பெரியது.

மின்வெட்டு

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அதே வேளை டீசலுக்கும் வரிசை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுதும் இருண்டதாகச் சொன்னார்கள். மின்பிறப்பாக்கி வைத்தோம் என்பது போதாது. மூன்று நாளுக்கு எரிபொருள் நிலையத்திலேயே இருக்க வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் ஒரே நன்மை: முழுக்கட்டத்துக்குக் கட்டிய கிணறு 3 லீற்றர் ஓட்டத்துக்குப் பல மணித்தியாலம் தாங்கும்.

சுத்திகரிப்பு: ஏன் முதல் நாளிலிருந்தே

ஆரம்ப ஓட்டத்தைக் கொழும்பு மாநகர சபையின் கழிவுநீர்த் தொகுதியோடு இணைத்துவிட்டு, நகரம் வளர்ந்த பிறகு சொந்த நிலையம் கட்டலாம் என்பது பலர் சொல்லும் வழி. அந்தத் தொகுதி 1906 இல் தொடங்கிப் போடப்பட்டது. மழைநீரும் அதற்குள் புகுகிறது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் இரு குழாய்களில் அது முடிகிறது. நாளுக்கு 1,140 கனமீற்றரை அது தாங்காது என்பதல்ல நம் எதிர்ப்பு. கணக்கு வேறு விதமாகப் போகிறது.

பொதுவெளி 91 ஹெக்டேயர். மனை விற்க வேண்டுமென்றால் புல்லும் மரமும் முதலில் வர வேண்டும், கட்டடம் பிறகு. 40 ஹெக்டேயருக்கு நாளுக்கு 5 மி.மீ. நீர் என்றால் 2,000 கனமீற்றர். அதாவது மூன்றாம் ஆண்டில் புல் குடிப்பது மனிதர் குடிப்பதைவிட அதிகம். வரும் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்துத் தந்தாலும் வரட்சி மாதத்தில் புல்லுக்குப் போதாது. ஆகவே முதல் நாளிலிருந்தே சிறிய சொந்த நிலையம். மாநகர இணைப்பு அவசரத்துக்கு மட்டும்.

முழுக்கட்டத்தில் மீள்நீரின் தேவை இப்படி: புல்லுக்கு 2,000, மையக் குளிரூட்டலுக்கு, குளிரூட்டல் தொன் ஒன்றுக்கு மணிக்கு 9 லீற்றர் வீதம், 20,000 தொன் 60 சதவீதச் சுமையில் 14 மணித்தியாலம் ஓடினால் 1,500, கழிப்பறைக்கு 6,375. கூட்டினால் 9,875. நன்னீர் வாங்குவதில் 6,375 அப்படியே குறையும்.

முதல் கட்டத்துக்கு 750 கனமீற்றர் வீதம் இரண்டு மென்சவ்வு உயிரியல் தொகுதி, அதாவது நுண்ணுயிரால் சுத்திகரித்து மென்சவ்வால் வடிப்பவை. பிறகு 6,000 வீதம் நான்கு. மென்சவ்வில் சதுர மீற்றருக்கு மணிக்கு 18 லீற்றருக்கு மேல் இழுக்காமல் வடிவமைத்தால் 6,000 க்கு 13,900 சதுர மீற்றர். முன்னால் 2 மி.மீ. சல்லடை இல்லாவிட்டால் தலைமுடியும் ஈரத்துடைப்பான் நாரும் இழைகளில் பின்னிக் கயிறாகும். சம்பிரதாயமான தொகுதிமுறையைவிட மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பு. கழிப்பறைக்குள் கொண்டுபோகும் நீருக்கு அந்தச் செலவை ஏற்கலாம்.

கொழும்பில் மட்டும் கவனிக்க வேண்டியது காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன். களனி நீர் மிக மென்மையானது. அமோனியாவை நைத்திரேற்றாக்க, ஒவ்வொரு மில்லிகிராம் நைதரசனுக்கும் 7.14 மி.கி. காரத்தன்மை செலவாகும். 35 மி.கி. க்கு 250. கழிவுநீரில் இருப்பது 160 அளவில் என்று வைத்தால் பற்றாது. பிஎச் 6 க்குக் கீழே விழும், நைத்திரேற்றாக்கம் நின்றுவிடும், ஏன் என்று புரியாமல் காற்றைக் கூட்டுவார்கள். ஒட்சிசனற்ற அறை வைத்து நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கினால் பாதி, அதாவது 125, திரும்பக் கிடைக்கும். மிச்சம் 35. பாதுகாப்பாக 65 இருக்க, லீற்றருக்கு 30 மி.கி. அளவுக்குக் காரம் சேர்க்கும் தாங்கியும் பம்பும் முதல் வரைபடத்திலேயே வேண்டும். கடின நீர் ஊர்களின் வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்தால் இந்தத் தாங்கி விடுபட்டுப் போகும்.

இரட்டைக் குழாயமைப்பில் பயம் ஒன்றுதான்: மீள்நீர்க் குழாய் தவறிக் குடிநீரோடு சேர்வது. மீள்நீரின் அமுக்கம் எப்போதும் குடிநீரைவிட அரை பார் குறைவாக இருக்கட்டும். மீள்நீர்த் தாங்கிக்குக் குடிநீர் விடும் இடத்தில் 150 மி.மீ. காற்றிடைவெளி, வால்வை நம்பக் கூடாது. சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. களனிக் குடிநீரின் மின்கடத்துதிறன் வழமையாக 100 ஐ அண்டியே நிற்கும். மீள்நீர் 500 க்கு மேல். கையில் பிடிக்கும் மானியோடு ஒவ்வொரு வீட்டின் சமையலறைக் குழாயையும் குடிவருமுன் பார்த்தால், மாறிப்போன இணைப்பு உடனே தெரியும்.

மிஞ்சுவது

மழை நாளில் புல் குடிக்காது. 23,250 இல் 7,900 போக மிச்சம் எங்கேயோ போக வேண்டும். மீள்பயன்பாடு இருக்கிறது என்று வெளியேற்றக் குழாயைச் சிறிதாக்க முடியாது. அது முழு ஓட்டத்துக்கே இருக்க வேண்டும். உள் கால்வாயில் விடுவதை நாம் ஏற்கவில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உள்நாட்டு நீர்நிலை எல்லைகளுக்கு, அதாவது லீற்றருக்கு மி.கி. அளவில் உயிரியல் ஒட்சிசன் தேவை (மக்கும் அழுக்கின் அளவு) 30, தொங்கு திண்மம் 50 க்கு, எளிதாக உட்பட்டாலும் நைதரசனும் பொசுபரசும் தேங்கிய நீரைப் பச்சையாக்கும். பச்சைநீர் என்னவென்று பார்க்க விரும்புவோருக்குப் பேரே வாவி நடை தூரத்தில் இருக்கிறது. குளிக்கும் கரையிலிருந்து விலகி, அலைதாங்கிக்கு வெளியே, ஆழ்கடல் பக்கமே வழி.

சேறு இன்னும் கடினம். உயிரியல் ஒட்சிசன் தேவை 250 என்றால் நாளுக்கு 5,800 கிலோ. அதிலிருந்து உலர் சேறு 3,500 கிலோ. பிழிந்து 20 சதவீதமாக்கினால் 17 தொன். 2017 இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்த பிறகு கொழும்பில் ஈரச்சேற்றை வாங்கிக்கொள்ளும் இடம் என்று எதையும் எழுதிவைக்க முடியாது. 80 சதவீதம் உலர்த்தினால் 4 தொன் சொச்சம். புத்தளம் சீமெந்து உலையில் எரிக்கத் தகுதியாகும். உலர்த்திக்கு இடத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் பிறகு அந்த மனையில் ஒரு கோபுரம் நிற்கும்.

எந்த எண்ணில் எதைத் தொடங்குவது

ஆண்டைக் குறித்துக் கட்டம் பிரிப்பது வீண். மனை விற்பனை ஆண்டைக் கேட்டு நடப்பதில்லை. ஓட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆண்டின் மிகக் கூடிய முப்பது நாள் சராசரி 9,600 கனமீற்றரைத் தொட்டால், அதாவது 450 குழாயின் 70 சதவீதத்தில், 600 குழாய்க்கான கேள்விப்பத்திரம் வெளியாக வேண்டும்; போட்டு முடிக்க மூன்று ஆண்டு பிடிக்கும். கழிவுநீர் 1,000 தாண்டியதும் முதல் 6,000 தொகுதி. தாங்கியில் நீர் தங்கும் நேரம் முழு 4,000 மட்டத்திலும் ஒரு நாளுக்குக் கீழே போனால் இரண்டாம் அறை. அமுக்கக் குழாயில் பம்ப் நாளுக்கு 14 மணித்தியாலம் ஓடத் தொடங்கினால் 350 ஐத் திறப்பது; அதற்கு முன் அதைச் சுத்தநீர் நிரப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, வால்வுகளைத் திருப்பிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். இந்த எண்கள் சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் இடையிலான மொத்த விநியோக ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருக்க வேண்டும், மாதாந்த வாசிப்புகளோடு.